சட்ட ஆசிரியர் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் சிலையைக் காணாமல் வளர்ந்த இளைஞர் நம் பகுதியில் இரார். நீலக் கோட்டும், மூக்குக் கண்ணாடியும், இடக்கையில் அரசியலமைப்புச் சட்ட நூலும், நீட்டிய சுட்டு விரலுமாக அவர் நிற்கின்றார். சில ஊர்களில் அச்சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்க நேர்ந்திருப்பதையும் நாம் அறிவோம். அவ்விரல் எதனைச் சுட்டுகின்றது என்று மாணாக்கரிடம் வினவினால், பாராளுமன்றத்தை என்று சிலரும், வருங்காலத்தை என்று சிலரும் விடை பகர்வர். இரண்டும் தவறன்று. ஆயினும் அதே விரல், ஒரு காலத்தில், பம்பாய் நகரத்து வகுப்பறைகளில் பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியரின் விரலாகவும் இருந்தது என்பதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் சட்டம் இயற்றியதைப் பற்றி எழுதியோர் பலர். சட்டம் பயிற்றுவித்ததைப் பற்றி எழுதியோர் சிலரே. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பணிக்கப்பட்ட பொழுது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலையே உண்டு உடுத்து வாழ்ந்து வரும் நமக்கு, இப்பொருளே முதலில் நினைவுக்கு வந்தது. 1918 முதல் 1938 வரையிலான இருபது ஆண்டுக் காலத்தில், இடையிடையே விட்டு விட்டு, மூன்று நிறுவனங்களில் அண்ணல் பாடம் நடத்தினார். அந்த ஆசிரிய வாழ்வை நடுவில் நிறுத்தி, அதனைச் சுற்றி அவர்தம் வரலாற்றைக் கூறுதல் நம் நோக்கம்.

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பில் பிறந்தார். மகர் குலத்தவர். பெற்றோர்க்குப் பதினான்காவது மகவு. தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார் பதவி வகித்தவர்; படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். ஆதலின் அண்ணல் ஓர் ஆசிரியரின் மகன் என்று நாம் சற்றே பெருமிதத்துடன் கூறிக் கொள்ளலாம்.

1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சாதாரா நகரத்து அரசுப் பள்ளியில் அவர் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிற்று. பள்ளியில் அவருக்குத் தனியிடம். வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணிச் சாக்கின் மீது அமர வேண்டும். மாலையில் அதனைச் சுருட்டிக் கொண்டு திரும்ப வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை இல்லை. பள்ளிச் சேவகர் திறந்து விட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீரும் இல்லை. பிற்காலத்தில் பம்பாயில் பயின்ற பொழுது வடமொழி கற்க விரும்பினார். அப்பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார்.

1907-ஆம் ஆண்டு எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பெற்ற மதிப்பெண் 750-க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் குறைவு. பொதுத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் தீப்பெட்டி ஆலைக்கோ பட்டாசு ஆலைக்கோ அனுப்பி விடுவதென்று அன்றைக்கே தீர்மானித்து விடும் பெற்றோர் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக் கொள்ளலாம். அந்த மதிப்பெண்ணையே தம் மக்கள் விழாவெடுத்துப் பாராட்டினர். அவ்விழாவிற்கு வந்திருந்த கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். பின்னர்ப் பல்கலைக்கழக நுழைவுப் படிப்பாக அந்நாளில் விளங்கிய பிரீவியஸ் வகுப்பு, அடுத்து இண்டர்மீடியட், அதன் பின் பட்டப் படிப்பு. இடையில் பணம் முடைப்பட்டது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித் தொகை வழங்கினார். 1912-இல் பி.ஏ. பட்டம் கிடைத்தது.

அதே மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பயின்றார். அங்கே அவர் கற்றவை பெரும்பாலும் பொருளியலும் சமூகவியலும் வரலாறும். சட்டம் அன்று. 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் இலண்டன் சென்ற பிறகே கிரேஸ் இன் என்னும் பாரிஸ்டர் கழகத்தில் சேர்ந்தார். உடன் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். உதவித் தொகைக் காலம் முடிந்து விட்டமையால் 1917-இல் படிப்பை அரைகுறையாக நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் வயிற்றைக் கட்டி வாங்கிய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல், முதல் உலகப் போரில் தகர்க்கப்பட்டுக் கடலில் மூழ்கிற்று. ஒரு புத்தகம் தொலைந்தாலே நூலகப் பொறுப்பாசிரியர் படும் பாட்டை அறிந்தவர்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும்.

பரோடா அரசில் பணியேற்ற பின் அவர் பட்ட துயரத்தை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. உயர்கல்வி பெற்ற அலுவலருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றிலிருந்து தடி ஏந்தியோர் அவரை விரட்டினர். பம்பாய்க்கே மீண்டார்.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. தீண்டப்படாத ஒருவர் நமக்கு என்ன கற்பித்து விடப் போகின்றார் என்று முதலில் அலட்சியம் காட்டிய மாணவர்கள், சில வாரங்களில் அவர் பாடம் நடத்தும் ஆழத்தைக் கண்டு மாறினர். பிற கல்லூரி மாணவர்களும் இசைவு பெற்று அவ்வகுப்பில் வந்து அமர்ந்தனர். மாணவர் மாறினர், ஆசிரியர் மாறவில்லை. ஆசிரியர் அறையிலிருந்த பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் அருந்துவதற்கு உடன் பணியாற்றிய சிலர் மறுப்புத் தெரிவித்தனர். சாதாராவில் சிறுவனுக்கு நேர்ந்ததே பம்பாயில் பேராசிரியருக்கும் நேர்ந்தது. பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு அறைகளில் வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, 1920-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பதவியை விடுத்து, நின்று போன படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் சென்றார். 1922-இல் பாரிஸ்டர் ஆனார். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

1923 என்னும் ஆண்டினை நம் வட்டாரத்தார் மறக்கலாகாது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்கொண்ட ஆண்டு அது. வேலையில் காயமுறும் தொழிலாளர்க்கு இழப்பீடு வழங்கும் சட்டம் இந்தியாவில் முதன் முதலாக இயற்றப்பட்டதும் அதே 1923-இல் தான். பாரிஸ்டர் அம்பேத்கர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்து கொண்டதும் அவ்வாண்டு சூலை மாதத்திலேயே. மூன்றிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் தொழிற்சாலையும், காயத்துக்குச் சட்டமும், அச்சட்டத்தை எடுத்து வாதிடக் கூடிய நம்மவர் ஒருவரும் ஒரே ஆண்டில் தோன்றியிருப்பது நம் சிந்தைக்கு உரியது.

பதிவுக் கட்டணம் செலுத்தவும் அவரிடம் பணம் இல்லை. நவல் பத்தேனா என்னும் பார்சி நண்பர் உதவினார். தொழில் தொடங்கிய பின்னும் வழக்குகள் வரவில்லை. உயர்நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் வழக்குகளைக் கொண்டு வந்து கொடுப்பவர்கள் சொலிசிட்டர்கள். அவர்கள் தீண்டப்படாத ஒருவரிடம் கட்டுகளைக் கொடுக்க முன்வரவில்லை. ஆகவே மேல்முறையீட்டுப் பிரிவிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் கிடைத்த வழக்குகளை நடத்தினார். 1926-இல் புனேயில், பிராமணரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த மூவர் மீது ஒரு நூல் தொடர்பாக நடந்த அவதூறு வழக்கின் மேல்முறையீட்டில் வென்ற பிறகே அவர் பெயர் பரவலாயிற்று.

இப்பற்றாக்குறைக் காலத்தில் தான், குடும்பச் செலவிற்காக, அவர் முதன் முதலாகச் சட்டம் பயிற்றுவிக்கத் தொடங்கினார். பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனம் என்பது பம்பாயில் கணக்கர்களாகவும் தணிக்கையாளர்களாகவும் வர விரும்பியோர் பயின்ற இடம். அங்கே 1925 முதல் 1928 வரை பகுதி நேர ஆசிரியராக வணிகச் சட்டம் கற்பித்தார். பெரிய வாழ்க்கை வரலாற்று நூல்களில் இச்செய்தி ஓரிரு வரிகளில் கடந்து போகும். நாமோ இங்கே சற்று நிற்க விரும்புகின்றோம்.

அவ்வகுப்பில் இருந்தோர் வழக்கறிஞர் ஆகப் போகின்றவர்கள் அல்லர். நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் எண்ணம் அவர்கட்கு இல்லை. சட்டத்தின் முதற்பாடத்தை மட்டும் அறிந்து கொண்டு வேறொரு தொழிலுக்குச் செல்ல இருந்தவர்கள். அத்தகையோர்க்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பது, சட்டக் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பதைக் காட்டிலும் கடினம் என்பது நம் துணிபு. முன்னறிவு ஏதும் இல்லாதவனிடம் ஒப்பந்தம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இலண்டன் பொருளியல் பள்ளியின் டி.எஸ்ஸி. பட்டத்தை வைத்துக் கொண்டு இப்பாடத்திற்கு இறங்கி வர எல்லாரும் இசையமாட்டார்கள். அவர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் இசைந்தார். கூலிக்காகத் தான். அதில் இழிவு ஏதும் இல்லை.

வணிகச் சட்டம் என்பது யாது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதன் அடித்தளம். ஒருவர் முன்மொழிய, மற்றவர் ஏற்க, இருவர்க்கும் மனமார்ந்த இசைவும் தகுதியும் இருந்து, சட்டத்திற்கு உடன்பாடான கைம்மாறும் நோக்கமும் இருந்தால், அது ஒப்பந்தம். வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1903-ஆம் ஆண்டிலேயே ஒரு கல்கத்தா வழக்கில் தீர்ப்பளித்து விட்டது. இதனை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்திலும் பெற்றோர் காலத்திலும், தீப்பெட்டி ஆலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்கென்று முன்பணம் வாங்கும் வழக்கம் இப்பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. பேருந்து விடியுமுன் வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். முன்பணம் தீரும் வரை பிள்ளை போக வேண்டும் என்பதே பெற்றோர் நம்பிக்கை. பிள்ளையின் உழைப்பை அவ்வாறு அடகு வைக்கும் உடன்படிக்கை செல்லாது என்று 1933-ஆம் ஆண்டிலேயே ஒரு தனிச் சட்டம் வந்து விட்டது என்பதனை அப்பெற்றோரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? சட்டம் இருந்தது, அதனைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

மற்றொன்று, மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881. கடனுறுதிச் சீட்டு, அதாவது புரோநோட்டு, இச்சட்டத்தின் கீழ் வருவது. அஞ்சல் தலை போன்ற வருவாய் முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்தவர், அதனை நிரப்பிக் கொள்ளும் அதிகாரத்தையும் முத்திரைத் தாளின் அளவுக்கு உட்பட்டு வைத்திருப்பவர்க்குக் கொடுத்தவர் ஆவார் என்று அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகின்றது. கந்து வட்டிக்குப் பணம் கொடுப்போர் வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பதன் காரணம் இதுவே. அவர்கள் சட்டம் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் தமக்கு வேண்டிய ஒரு பிரிவை நன்கு தெரிந்து வைத்திருக்கின்றார்கள். கையொப்பமிடுபவர் தமக்கு வேண்டிய ஒரு பிரிவையேனும் தெரிந்து வைத்திருத்தல் வேண்டாமா? பாட்லிபாய் வகுப்பின் பாடமாகிய வணிகச் சட்டம் இத்தகைய செய்திகளால் ஆனது. வெம்பக்கோட்டையில் மேல்நிலை வகுப்பு மாணாக்கன் ஒருவனுக்கு ஒரு மாலை நேரத்தில் புரிய வைத்து விடலாம்.

இவ்வாசிரியர் பணி நடந்து கொண்டிருந்த நாளில் தான், 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் அவர் இறங்கித் தண்ணீர் அருந்தினார். பொதுப் பணத்தால் பேணப்படும் குளங்களும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்ட மேலவை 1923-இல் தீர்மானம் இயற்றியிருந்தது; மகாத் நகராட்சியும் அதனை ஏற்றிருந்தது. தாளில் இருந்த உரிமையைத் தண்ணீரில் காட்டினார். சாதி இந்துக்கள் தாக்கினர். பின் குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர். அதன் பின் நீதிமன்றம் சென்றனர். அக்குளம் பொதுக்குளம் அன்று, தனியார் சொத்து என்றும், தீண்டப்படாதாரை விலக்கி வைத்தல் தொன்றுதொட்ட வழக்கம் என்றும் அவர்கள் 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 25-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் மகாத்தில் திரண்டிருந்தனர். அன்று மனுநூல் எரிக்கப்பட்டதை யாவரும் அறிவர். ஆனால் குளத்தில் இறங்கும் போராட்டம் அன்று ஒத்தி வைக்கப்பட்டது. நீதிமன்றத் தடை நிலுவையில் இருந்தமையே காரணம். நூலை எரித்த கையே நீதிமன்ற ஆணைக்கு அடங்கிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் புரிந்து கொள்ளாதவர் அண்ணலைப் பாதியே புரிந்து கொண்டவர்.

1928-ஆம் ஆண்டு சூனில் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியில் பகுதி நேரப் பேராசிரியர் ஆனார். சைமன் குழுவோடு ஒத்துழைக்க அமைக்கப்பட்ட மாகாணக் குழுவில் அவர் இடம் பெற்றார் என்பதனால், அவருடைய வகுப்பை மாணவர் புறக்கணித்ததும் உண்டு. ஓராண்டுக்குள் அப்பணி முடிந்தது. பிறகு வட்டமேசை மாநாடுகள். அங்கே நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் உடன் இருந்தார். 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் புனே உடன்படிக்கை. இவற்றை நம் இளைஞர் மேடைகளில் கேட்டிருப்பர், ஆதலின் விரிக்கவில்லை.

வகுப்பறைக்கே மீள்வோம். 1934, 35-ஆம் ஆண்டுகளில் அதே சட்டக் கல்லூரியில் ஆங்கிலேய அரசியலமைப்பைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அப்பாடத்திற்கு அக்காலத்தில் பேர்பெற்ற நூல், டைசி என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1885-இல் வெளியிட்டது. பாராளுமன்றத்தின் மேலாண்மை, சட்டத்தின் ஆட்சி, மரபுகள் ஆகியவற்றை அது திறம்பட ஆராய்கின்றது. ஆனால் அது ஆங்கிலேயர்க்காக ஓர் ஆங்கிலேயர் எழுதியது. முடியரசர் யார், பிரபுக்கள் சபை எவ்வாறு அமைந்தது, மக்கள் சபை எவ்வாறு கூடும் என்பனவெல்லாம் படிப்பவர்க்கு முன்னமே தெரியும் என்று கொண்டு அந்நூல் தொடங்குகின்றது. பம்பாயில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அவை தெரியா. எனவே நூலாசிரியர் சொல்லாது விட்டதை ஆசிரியர் முதலில் சொல்லியாக வேண்டும். அண்ணல் அவ்விரிவுரைகளை அம்முறையில் எழுதினார். டைசி எடுத்துக் கொள்ளாத அடிப்படைச் செய்திகளை முன்வைத்து, அதன் பின்னரே டைசியின் கருத்துக்குள் மாணவரை அழைத்துச் சென்றார்.

பாடநூல் எங்கே தொடங்குகின்றதோ அங்கே தான் ஆசிரியரும் தொடங்க வேண்டும் என்று எண்ணுவோர் நம் தொழிலில் பலர் உளர். மாணாக்கன் எங்கே நிற்கின்றானோ அங்கே தொடங்க வேண்டும் என்பதனைப் பயிற்சிக் கல்லூரியில் நாமும் படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். நடைமுறையில் அதனைக் கைக்கொள்வது அருமை. சாத்தூர் நீதிமன்ற வாசலைக் கூட மிதியாத ஒரு பிள்ளைக்கு உரிமையியல் வழக்கு, குற்றவியல் வழக்கு என்னும் வேறுபாட்டைப் பாடநூல் இரண்டு வரிகளில் கூறிச் செல்லும். பட்டாசு ஆலையில் தந்தையை இழந்த பிள்ளை அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கக் கூடும். காவல் நிலையத்தில் முதலாளி மீது பதிவாகும் வழக்கு வேறு, குடும்பத்துக்கு வர வேண்டிய இழப்பீட்டுக்கான மனு வேறு, ஒன்று முடிந்தால் மற்றொன்றும் முடிந்தது என்று பொருளன்று என அப்பிள்ளைக்கு அந்த இரண்டு வரிகளில் விளங்குமா?

1935-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் துணைவியார் இரமாபாய் அம்மையார் மறைந்தார். நெடுநாள் வறுமையும், பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த துயரும் அவ்வம்மையாரை உருக்கியிருந்தன. சில நாள்களிலேயே, சூன் மாதத் தொடக்கத்தில், அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பினை அண்ணல் ஏற்றார். உடன் சட்டவியலுக்கான பெர்ரி பேராசிரியர் பதவியும் அவருடையதாயிற்று. 1938 வரை அப்பொறுப்பில் இருந்தார். தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாதென்று விலக்கப்பட்ட சிறுவன், மாகாணத்தின் முதன்மையான சட்டக் கல்லூரிக்குத் தலைவரான செய்தி இது. அக்கல்லூரி இதழில் 1936-ஆம் ஆண்டு சனவரியில் சட்டக் கல்விச் சீர்திருத்தம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சட்டம் பயில்வோர்க்குச் சட்டப் பிரிவுகள் மட்டும் போதா; துணைத் துறைகளின் அறிவும், எண்ணுவதை ஒழுங்குபட எடுத்துரைக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று மேல்நிலைக் கல்வி முடித்த மாணவர் நேரே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேருகின்றனர். முதலாண்டுகளில் அரசியலும் பொருளியலும் வரலாறும் சட்டத்தோடு இணைத்தே கற்பிக்கப்படுகின்றன.

அவர் முதல்வராக இருந்த நாளிலேயே மகாத் வழக்கு இறுதிக்கு வந்தது. கீழ் நீதிமன்றங்களில் தோற்ற சாதி இந்துக்கள் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. குளத்தில் இறங்கிய நாளிலிருந்து பத்தாண்டு நிறைவதற்கு மூன்று நாள்களே குறைவு. எதிர்வாதிகளுள் முதல்வர் ஒரு சட்டக் கல்லூரியின் முதல்வர். தீர்ப்பின் நுட்பத்தை இளைஞர் கருத்தூன்றிக் காண வேண்டும். தீண்டாமை தீது என்று நீதிமன்றம் கூறவில்லை. அதனை ஒழிக்கும் சட்டப் பிரிவும் அன்று இல்லை. வழக்கத்தைச் சட்டம் என்று ஏற்க வேண்டுமானால் அது தொன்றுதொட்டது என்று சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். வாதிகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. அவ்வளவே. சட்டவியலின் தொடக்கப் பாடங்களில் ஒன்று, சட்டம் எங்கிருந்து பிறக்கின்றது என்பது. அதில் வழக்கம் என்பது ஒரு தலைப்பு. எத்தகைய வழக்கம் சட்டமாகும், எத்தகையது ஆகாது என்று கற்பிக்கும் துறையின் பேராசிரியரே, அக்கேள்விக்கான விடையைத் தம் மக்கள் தாகத்திற்காக ஒரு நீதிமன்றத்தில் பெற்றார். நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வருகின்றது என்று இன்றும் நம் ஊர்களில் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும், எவ்வளவு காலமாக, சான்று என்ன என்று கேட்கும் துணிவு இதிலிருந்து பிறக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் தமிழகத்துப் பெரியார் ஒருவரையும் நினைவு கூர்தல் தகும். 1892-இல் பிறந்த ந. சிவராஜ் அவர்கள், சென்னைச் சட்டக் கல்லூரியில் பதின்மூன்று ஆண்டுகள் சட்டம் கற்பித்தவர். சென்னை மேயராகவும் விளங்கினார். 1942-இல் நாக்பூரில் அனைத்திந்தியப் பட்டியல் இனத்தோர் கூட்டமைப்பு தோன்றிய பொழுது தலைவராக அமர்ந்தவர் அவரே. பம்பாயில் ஒருவர், சென்னையில் ஒருவர் என நம் தலைவர் இருவரும் சட்ட ஆசிரியராக இருந்தனர். சிவராஜ் அவர்களின் வாழ்வைத் தனி நூலாக நம் இளைஞர் ஒருவர் எழுத வேண்டும் என்பது நம் அவா.

1942-இல் அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தால் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அவர் முயற்சியால் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் பட்டியல் இன மாணவர் உயர்கல்விக்கென ஒதுக்கப்பட்டு, மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய உதவித் தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கிற்று. இன்று மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பிப் பெறும் உதவித் தொகையின் வேர் அதுவே. பரோடா மன்னர் ஒரு மாணவனுக்குத் தந்த 25 ரூபாயை அம்மாணவன் மறக்கவில்லை போலும்.

1945-இல் மக்கள் கல்விக் கழகம் நிறுவினார். மறு ஆண்டு சூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. வேலை பார்த்துக் கொண்டே படிப்போர்க்கென அங்கே காலை நேர வகுப்புகள் நடந்தன. மாணவர் பாராளுமன்றம் ஒன்றும் அங்கு இயங்கிற்று. மாணவரே அமைச்சராகவும் எதிர்க்கட்சியாகவும் அமர்ந்து மசோதாக்களை விவாதிப்பர். 1950-இல் நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அண்ணல், இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றி அம்மாணவர் மன்றத்திலேயே வந்து உரையாற்றினார். சட்டத்தின் தொடக்கப் பாடத்தைக் கற்பிக்க இதனினும் நல்ல வழி நமக்குத் தெரியவில்லை. செலவு ஏதுமற்றது, நான்கு பெஞ்சுகளும் ஒரு மணியும் இருந்தால் போதும்.

அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக 1947 ஆகஸ்டு முதல் அவர் ஆற்றிய பணி நாடறிந்தது. நம் வட்டாரத்தைத் தொட்ட ஒன்றை மட்டும் கூறுவோம். பதினான்கு வயதிற்குக் குறைந்த பிள்ளையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர்மிக்க வேறு பணியிலோ அமர்த்தலாகாது என்பது 24-ஆம் உறுப்பு. 1950 சனவரி 26 முதல் அது நடைமுறையில் இருந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்து வந்ததும் அதன் பின்னரே நெடுங்காலம். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம், அவ்வுறுப்பை எடுத்துக்காட்டி, சட்டத்திற்கு மாறாகப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. அவ்வழக்கைக் கொண்டு சென்றவர் தில்லியில் தொழில் நடத்திய வழக்கறிஞர் எம். சி. மேத்தா அவர்கள். அவருக்கு நாம் என்றும் நன்றியுடையோம். அதே வேளையில், நம் பிள்ளைகளின் வழக்கைத் தில்லியிலிருந்து ஒருவர் எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததே என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் முள்ளாய் உறுத்துகின்றது. நம் கழகத்தின் மாலை நேர வகுப்புகளில் கணக்கிற்கும் ஆங்கிலத்திற்கும் இருப்பது போலச் சட்டத்திற்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்னும் எண்ணத்தை உறுப்பினர்கள் பொதுக்குழுவில் ஆராய வேண்டுகின்றோம்.

இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியமையால் 1951-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். உடல் நலிவுற்றது. ஆயினும் கல்லூரிகள் வளர்ந்தன. ஔரங்காபாத்தில் ஒன்று, பம்பாயில் வணிகவியலுக்கு ஒன்று. 1956-இல் மக்கள் கல்விக் கழகம் சித்தார்த்தா சட்டக் கல்லூரியையும் தொடங்கிற்று. வாழ்வின் இறுதியாண்டில், பாட்லிபாய் வகுப்பில் கூலிக்குப் பாடம் சொன்னவர்க்குச் சொந்தமாக ஒரு சட்டக் கல்லூரி அமைந்தது. அக்டோபர் 14-ஆம் நாள் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் இயற்கை எய்தினார்.

சென்னைச் சட்டக் கல்லூரிக்கு 1990-இல் அவர் பெயர் சூட்டப் பெற்றது. அவர் விட்டுச் சென்ற தாள்களுள், சாட்சியச் சட்டம், காலவரையறைச் சட்டம், சொத்து மாற்றச் சட்டம், பொறுப்பாண்மைச் சட்டம் முதலியவற்றைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளும் இருந்தன. மகாராட்டிர அரசு அவற்றைத் தொகுத்து, அவர்தம் எழுத்தும் பேச்சும் வரிசையின் பன்னிரண்டாம் தொகுதியில் 1993-இல் அச்சிட்டது. தண்ணீருக்காகப் பள்ளிச் சேவகரை எதிர்பார்த்து நின்ற சிறுவனின் கதையை அவரே எழுதியது, அதே தொகுதியில், அச்சட்டக் குறிப்புகளோடு இருக்கின்றது.